படுத்திருந்தவருக்குக் காட்டிய வேலூர்

வேலூரில் நான் எடுத்த முதல் படம் என் கட்டை விரல். இரண்டாவது படமும் அதே விரல்தான், கொஞ்சம் பக்கவாட்டில் விழுந்திருந்தது.

மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து நாங்கள் புறப்படும்போது மகள் என் கையில் திணித்த போன் அது. போனிலேயே கேமரா வருவது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. "அப்பா படுத்தே கிடப்பாரு. நீயாச்சும் ஊரச் சுத்திப் பாத்து, படம் எடுத்துக் காட்டும்மா" என்றாள். அப்பா என்று அவள் சொன்ன என் வீட்டுக்காரர் ஜெயராஜ், முப்பது வருஷமாகத் தைப்பிங்கில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவர். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணு இருக்குது, பார்வை இல்ல" என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கோயில் கமிட்டியில் ஒருவர் வேலூருக்கு வந்து இதே காரியத்தை முடித்துக்கொண்டு நல்லபடியாகத் திரும்பியிருந்தார். "வெட்டுறது வெட்டுறாங்க, தமிழ்ல பேசிக்கிட்டே வெட்டட்டும்" என்று இவரும் ஒத்துக்கொண்டார். வந்து சேர்ந்தால், பார்த்த டாக்டர் மலையாளி, நர்ஸ் மணிப்பூர்ப் பெண், எதிர்க்கட்டில்காரர் வங்காளி. பக்கத்துக் கட்டிலில் மட்டும் ஆம்பூர்க்காரர் ஒருவர் தமிழில் இருமிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோதுதான் நான் முதன்முதலாக வாயைப் பிளந்தேன். சந்துக்குச் சந்து லாட்ஜுகள். பலகைகளில் வங்காள எழுத்து, இந்தி எழுத்து, அதற்கு நடுவே இடுங்கிக்கொண்டு தமிழ். ஒரு கடையில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசம். எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் வரிசையாக நடந்துபோயின. டீக்கடைக்காரர் அவர்களுக்கு வங்காளத்தில் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இன்னாம்மா?" என்றார். இத்தனை தூரத்திலிருந்து இத்தனை பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே தெருவுக்கு வந்திருக்கிறார்களே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அந்தத் தெருவைத்தான் எடுக்கப் போனேன். வந்தது விரல்.

சாயங்காலம் வார்டில் அந்தப் படங்களைக் காட்டினேன். "பரவால்ல, நகத்துக்கு ஃபோகஸ் நல்லா விழுந்திருக்கு" என்றார். ஊரிலிருந்து வந்தபின் அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். எனக்கு அது போதும் என்று இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், தினமும் எங்கேயாவது போய் எதையாவது எடுத்து வந்து இவரிடம் திட்டு வாங்குவது என்று.

ஆனால் மறுநாளே ஒரு பிசகு நடந்தது. மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஜன்னல் வெளிச்சம். சும்மா இருக்காமல் ஒரு படம் எடுத்துவிட்டேன். எழுந்ததும் போனை வாங்கிப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போயிற்று. திட்டவில்லை. அந்தப் படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

"கண்ணு மூடின படம் நான் எத்தன எடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.

தெரியும். தைப்பிங்கில் ஒரு வீட்டில் யாராவது தவறிவிட்டால், அக்காலத்தில் முதலில் ஐயர், அடுத்தது போட்டோக்காரர். அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் வருவார்களே, பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த முகத்த மட்டும் தனியா எடுத்துப் பெருசு பண்ணிக் குடுங்க" என்று, அதுதான் அவரை உறுத்தும். ஆபரேஷனுக்குப் போகுமுன் ஆசையாக வந்து தனிப்படம் எடுத்துக்கொண்டவர்கள் சிலருடைய முகத்தை அவரே மாலைக்கு அளவாகப் பெருசு பண்ணிக் கொடுத்திருக்கிறார். ஸ்டூடியோக்காரருக்கென்று ஒரு நம்பிக்கை அதிலிருந்து வந்துவிட்டது. கத்திக்குப் போகிறவன் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 

ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனிதருக்கு, அடையாள அட்டையையும் எங்கள் கல்யாணப் படத்தையும் விட்டால், சொல்லிக்கொள்ள ஒரு படம் கிடையாது. எனக்கு ஒன்று வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, கேட்டும் பார்த்தேன். ஏன் வேண்டும் என்று யோசிக்கப் பயமாக இருந்தது. அவருக்கும் அது தெரிந்துதான் மறுத்தார். அதனால் இருவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஊரைப் பற்றிப் பேசினோம்.

அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்று ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போனது எனக்கு ஊர் சுற்ற வசதியாயிற்று. ஆட்டோக்காரர் ஒருவரிடம், படம் எடுக்க எந்த இடம் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்க ஊருக்குன்னு ஒரு சொல்லு இருக்குதும்மா. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மல, ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயிலு. எத எடுக்கப் போறீங்க?"

"கோயில்ல சாமி இருக்காருன்னு சொன்னாங்களே?"

"சாமி வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. மத்தவங்கதான் இன்னும் வர்ல."

முதலில் கோட்டைக்கே போனேன். கருங்கல் மதில், அதைச் சுற்றி அகழி, அகழி நிறையத் தண்ணீர். ஊரின் நடுவில், பஸ் சத்தத்துக்கும் லாங் பஜார் கைவண்டிகளுக்கும் பக்கத்தில், இப்படி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் தைப்பிங்கில் ஏரி உண்டு, தோட்டம் உண்டு, தினமும் மழை உண்டு. இவ்வளவு கல் கிடையாது. உச்சி வெயிலில் நின்று எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"தலைக்கு மேல."

"அதான் அப்பளம் மாதிரி தட்டையா இருக்கு. விடிஞ்சதும் போ. காத்து எழும்பறதுக்கு முன்னாடி போ. நின்னுக்கிட்டு எடுக்காத, தண்ணிக்குப் பக்கத்துல உக்காந்து எடு."

மறுநாள் விடிந்ததும் போனேன். நடக்க வந்தவர்கள் சிலர், வேப்பங்குச்சியோடு ஒருவர், அவ்வளவுதான் கூட்டம். அகழிக் கரையில் முட்டி வலிக்க உட்கார்ந்தேன். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. மேலே ஒரு கோட்டை, அதன் காலடியிலிருந்து கீழ்நோக்கி இன்னொரு கோட்டை. இரண்டிலும் வெளிச்சம் மெல்ல மஞ்சளாக ஏறியது. எத்தனை பேர் கட்டி, எத்தனை பேர் பிடித்து, எத்தனை பேர் அதற்குள் செத்திருப்பார்கள். எல்லோரும் போனபின்பும் காலை வெயில் வந்து அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுக்க வந்தோம் என்பதே சற்று நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் படத்தை அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இத அழிக்காத" என்றார். முப்பது வருஷத்தில் என் சமையலுக்குக்கூட அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. அழிக்கிற பேச்சு ஏன் வந்தது என்றால், அந்தப் போனில் இடம் ரொம்பக் கம்மி. கொஞ்சம் படம் சேர்ந்ததும் நிரம்பிவிடும். புதிது ஒன்று வேண்டுமானால் பழையது ஒன்று போக வேண்டும். தினமும் சாயங்காலம் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதுதான் எங்கள் வழக்கு. நீதிபதி அவர்தான்.

கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு இன்னொரு நாள் போனேன். நுழைந்ததும் ஒரு கல்யாண மண்டபம். தூணுக்குத் தூண் பாயும் குதிரை, யாளி, வீரர்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கி இதழைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. எல்லாம் கல். நின்றபடி எடுத்தால் கழுத்துதான் வலித்தது. யாரும் இல்லையே என்று தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். காவல்காரர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, மயக்கமா? தண்ணி கொண்டாரவா?"

"இல்லங்க. கிளி எடுக்கிறேன்."

அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெனம் இங்கதான் நிக்கிறேன். படுத்துப் பாத்ததில்ல" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அவரும் படுத்தார். இரண்டு பேரும் கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டிவிட்டுப் போனாள்.

பாலாற்றுக்கும் போனேன். ஆட்டோக்காரர் சொன்னது பொய்யில்லை. நீளமான பாலம், கீழே கண்ணுக்கு எட்டியவரை மணல். மணலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தைப்பிங்கில் துணி காயாமல் தவிக்கிற எனக்கு, ஓர் ஆறே காய்ந்து கிடப்பது திகைப்பாக இருந்தது. "நம்ம ஊரு மழையில பாதிய இங்க அனுப்பலாம்ல" என்றார் அவர், படத்தைப் பார்த்துவிட்டு. அதற்கு இடம் பண்ண, லாங் பஜாரில் எடுத்த வெங்காய மூட்டைப் படத்தை அழித்தோம்.

பக்கத்துக் கட்டிலில் ஆம்பூர்க்காரர் என்று சொன்னேனே, அவர் கரீம் பாய். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. அவருக்கும் அதே வால்வு. நாங்கள் வந்த சில நாட்களில் அவருக்கு ஆபரேஷன் நடந்து, தேறி, வீட்டுக்கும் போய்விட்டார். அவர் மனைவி நசீமா எனக்கு அதற்குள் தோஸ்த் ஆகிவிட்டாள். போகும்போது, "அக்கா, நீங்க ஆம்பூருக்கு வராம ஊருக்குப் போனா அப்பறம் பேச மாட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அதற்குள் எங்களுக்கும் தேதி குறித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தார். வீட்டுக்கே போய்விடலாமா என்று இரண்டு முறை கேட்டார். நான் ஆம்பூர் போகட்டுமா என்று கேட்டதும் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தார்.

"போ. எனக்குப் பிரியாணிப் படம் வேணாம். பாய் தானா எழுந்து நிக்கிற படம் வேணும். நெசமாவே நடமாடுறானான்னு பாத்துட்டு வா."

காட்பாடி ஸ்டேஷனில், நின்றிருந்த ரயிலைக் காட்டி ஆம்பூர் போகுமா என்று ஒருவரிடம் கேட்டேன். போகும் என்றார். ஏறினேன். ஆம்பூர் பலகை ஜன்னலில் தெரிந்தது, எழுந்தேன், பலகை பின்னால் ஓடிப்போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவர் நிதானமாக, "போகும்மா, நிக்காது" என்றார். வாணியம்பாடியும் அப்படியே ஓடி, ஜோலார்பேட்டையில் போய் இறங்கினேன். ரயில்வே சீருடையில் இருந்த ஒருவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "ஆம்பூருக்குப் போறவங்க பாதிப் பேரு மொதல்ல எங்க ஊருக்குத்தான் வர்றாங்க. வட சாப்டுங்க, பாசஞ்சர் வந்துரும்" என்றார். வடை நன்றாகவே இருந்தது.

ஆம்பூரில் இறங்கியதும் மூக்கில் ஒரு நெடி வந்து மோதியது. தோல் பதனிடும் ஊர் என்று தெரியும், ஆனாலும் இப்படி எதிர்பார்க்கவில்லை. ஸ்டேஷனுக்கு வந்திருந்த நசீமா, "பேஜாராக்கா? ஒரு மணி நேரம், மூக்கு பழகிரும்" என்றாள். வழியில் ஒரு பட்டறை வாசலில் தோல்கள் அடுக்கிக் கிடந்தன. எல்லாம் வெளிர் நீலம். மாட்டுத்தோல் நீலமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேனா? மருந்தில் ஊறியதும் முதலில் அந்த நிறம்தான் வருமாம், பிறகுதான் கறுப்பும் பழுப்பும். கம்பெனி ஷிஃப்ட் விட்டு, ஒரே நிறக் கோட்டு போட்ட பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு தெரு நிறைய வந்தார்கள். யாரோ எந்த ஊரிலோ போட்டு நடக்கப்போகும் ஷூக்களைத் தைத்துவிட்டு, தாங்கள் ரப்பர் செருப்போடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் எடுக்க எடுக்க அவர்கள் கையாட்டினார்கள்.

கரீம் பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஆனால் நின்றுகொண்டிருந்தார். தெருமுனைப் பள்ளிவாசல்வரை நடந்துபோய்த் திரும்பிக் காட்டினார்.

சாப்பாடு போட்டாள் நசீமா. சீரகச் சம்பா அரிசி பொடிப்பொடியாக, உதிரி உதிரியாக, மசாலா நெடியே இல்லாமல். பக்கத்தில் புளிப்பும் காரமுமாய்க் கத்திரிக்காய். எங்கள் ஊரில் பிரியாணி என்றால் நிறம் கண்ணைக் குத்தும். இது அமைதியாக இருந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை போட வந்தபோது நான் மறுத்தது பேருக்குத்தான்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்பப் பயப்படுகிறார், உங்கள் படம் ஒன்று கேட்டார் என்றேன். பாய் எழுந்தார், சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இன்னாங்க இது, அக்கா முன்னால!" என்று நசீமா கத்தினாள்.

"நீ சும்மா இரு. அந்த மனுஷனுக்கு இதான் வேணும்." நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. விரலை வைத்துக் காட்டினார். "பாருங்கம்மா. நான் பதினெட்டு வருஷமா தையல் செக் பண்றவன். கண்ணாடில பாத்து இன்ச்சு இன்ச்சா செக் பண்ணிட்டேன். வளைவு இல்ல, சுருக்கம் இல்ல. எங்க கம்பெனில இந்தப் பீஸ் வந்தா கையெழுத்துப் போட்டு பாஸ் பண்ணிருவேன். நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லுங்க."

எடுத்தேன். சட்டையைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூடப் பரிசு வாங்கினவர் மாதிரி நின்றார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். "அவனே பாஸ் பண்ணிட்டானா" என்று கேட்டார். தலையாட்டினேன். இட்லி வாங்கி வரச் சொன்னார். இரண்டு சாப்பிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை, நான் கீழே போய் டீ வாங்கிக் குடித்துவிட்டு வருவதற்குள் அவரைத் தயார் பண்ணியிருந்தார்கள். மோதிரம், கண்ணாடி, போன் மூன்றையும் என் கையில் கொடுத்தார். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

காத்திருக்கும் இடத்தில் எத்தனை மொழியில் ஜபம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆம்பூரிலிருந்து நசீமா டிபன் கேரியரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நேரம் நகரவில்லை. போனைத் திறந்தேன். கிளி, ஆறு, நீலத் தோல் என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். முதலில் வந்தது நான் எடுக்காத படம்.

அவர்தான். கையை நீட்டித் தன்னைத் தானே எடுத்திருக்கிறார். ஒரு காது படத்தில் விழவில்லை. கண் இரண்டையும் மூக்கைப் பார்க்கத் திருப்பி, கன்னத்தை உப்பி, நாக்கை முழுநீளத்துக்கு வெளியே நீட்டியிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்ட படத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் எந்த ஸ்டூடியோவில் பெருசு பண்ணினாலும் இதற்கு மாலை போட முடியாது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஜபம் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா?" என்று நசீமா என் தோளைப் பிடித்தாள். படத்தை அவளிடம் காட்டினேன். அவளும் என் மாதிரியே ஆகிவிட்டாள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது நாங்கள் இருவரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் பேச ஆரம்பித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி வலிக்கிறதா என்பது. இரண்டாவது, "போன்ல எடமே இல்லையே, எத அழிச்சீங்க?"

"கோட்டைய."

"அழிக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க!"

மெதுவாக மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "கோட்ட எங்க போயிடப் போவுது? ரெண்டு பேரும் போய் எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

ஊருக்குப் புறப்படும் முன்பு போனோம். ஆட்டோ பிடித்து, இறங்கி, அவர் அடியடியாக நடந்து அகழிக் கரைக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. காற்றும் எழும்பிவிட்டது. தண்ணீரில் கோட்டை துண்டு துண்டாக ஆடியது. விடிந்ததும் வந்திருக்க வேண்டும் என்று நான் முணுமுணுத்தேன். அவர் கேட்கவில்லை. அண்ணாந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மதிலுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி, சட்டைக் காலரைச் சரி செய்தார். நாக்கை நீட்டவில்லை.

எடுத்துக் காட்டினேன். படத்தின் ஓரத்தில் என் கட்டை விரல் விழுந்திருந்தது. அழித்துவிட்டு வேறு எடுக்கவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். வெரலோட சேத்தே பெருசு பண்ணிக்கலாம்" என்றார்.